முக்கியமான நாளில் மட்டும் நின்றுபோன கார்

கார் நடுரோட்டில் நின்றுபோனால் அத்திம்பேர் முதலில் செய்கிற காரியம், முழுக்கைச் சட்டையின் கைகளை மடித்து விட்டுக்கொள்வது. பதற மாட்டார். பின்னால் ஹாரன்கள் அலறிக்கொண்டிருக்கும். பஸ் டிரைவர் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அத்திம்பேரின் பரம்பரையைப் பற்றி ஏதோ விசாரித்துக்கொண்டிருப்பார். இவர் இடக்கையை மடித்து, வலக்கையை மடித்து, இரண்டு மடிப்பும் ஒரே உயரத்தில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்குவார். தூக்கிவிட்டு உள்ளே உற்றுப் பார்ப்பார். உள்ளே இருப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. என்னிடமே ஒப்புக்கொண்டிருக்கிறார்: "தொறந்து பாக்கலேன்னா உள்ள உக்காந்துண்டிருக்கறவா பயந்துடுவா. அதுக்காகத்தான்."

அவர் என் அக்காவின் கணவர். ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கம்பெனி மூடிக்கொண்டது. கைக்கு வந்த தொகையை பாங்கில் போட்டுவிட்டு வேறு வேலை தேடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். அவரோ அதை அப்படியே ஒரு பழைய வெள்ளை டீசல் காரில் போட்டார். வாடகைக்கு விடப் போகிறேன் என்றார். சரி, ஆள் வைத்து ஓட்டுவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். தானே ஓட்டினார். எங்கள் மயிலாப்பூர் தெருவில் அது சின்ன பூகம்பம். அப்பா அரசாங்க ஆபீசில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை என்ன பண்றார் என்று கோயிலில் யாராவது கேட்டால், "டிரான்ஸ்போர்ட்ல இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் பிரசாதத்தில் கவனம் செலுத்துவார். அந்தக் காரில் அவர் ஒருமுறைகூட ஏறியதில்லை. கூப்பிட்டால், "எனக்கு பஸ்தான் சௌகரியம்" என்பார். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வருவது ஒரு மனிதருக்கு எப்படிச் சௌகரியமாக இருக்கும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

நான் அப்போது மெக்கானிக்கல் எஞ்சினியரிங் இரண்டாம் வருஷம். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அதுவும் வீட்டில் ஒரு சின்ன பூகம்பம்தான். அம்மா கம்ப்யூட்டர் படிக்கப்படாதா என்றாள். மாமாக்கள் ஸ்பானரைப் பிடித்த கையை யார் வந்து பிடிப்பார்கள் என்று கவலைப்பட்டார்கள். அட்மிஷன் கிடைத்த அன்று சந்தோஷமாகப் பேசியவர் அத்திம்பேர் ஒருவர்தான். "அப்பாடா, பானெட்டைத் தூக்கினா உள்ள என்ன இருக்குன்னு சொல்ல நம்மாத்துல ஒரு ஆள் வந்தாச்சு" என்றார். அன்றிலிருந்து எனக்கு எஞ்சினியரம்மா என்று பெயர். கேலியாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் கேலி செய்கிறவர் யாரும் தன் பிழைப்பான காரின் சாவியை எடுத்துக் கையில் தர மாட்டார். இவர் தந்தார்.

காருக்கு வியாதி வந்தது ஆயுத பூஜை முடிந்த கையோடு. ஐப்பசி மழை இன்னும் பிடித்திருக்கவில்லை. டீசல் எஞ்சின் நின்றுபோவதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பெட்ரோல் வண்டியைப் போல இருமித் தும்மி ஆர்ப்பாட்டம் பண்ணாது. முதலில் இழுவை குறையும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் ஏறாது. வண்டி முழுவதும் ஒரு குலுக்கு குலுக்கும். பிறகு அவ்வளவு நேரம் காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் பட்டென்று இல்லாமல் போய், தெருவில் யாரோ வெள்ளரிக்காய் விற்பது கேட்கும். கால் மணி, அரை மணி காத்திருந்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும். கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும்.

இதில் விசித்திரம் என்னவென்றால், அது எல்லா நாளும் நிற்கவில்லை. ஆதம்பாக்கத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் சின்னச் சின்ன சவாரி அடித்துக்கொண்டிருந்தால் சமர்த்தாக ஓடும். கல்யாணப் பார்ட்டி, கச்சேரிக்குப் போகும் பாடகி, ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வீடு திரும்பும் தம்பதி என்று முக்கியமான சவாரி வந்தால் போதும், பாதி வழியில் நிற்கும். சொந்தக்காரர்களுக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி. நம்பர் பிளேட்டைக் கூட்டினால் எட்டு வருகிறது என்றார் ஒரு மாமா. முன்னால் வைத்திருந்தவர் என்ன ஆனார் என்று விசாரித்தீர்களா என்றாள் ஒரு சித்தி. அக்கா சனிக்கிழமை தோறும் எள் விளக்கு ஏற்ற ஆரம்பித்தாள். எனக்கோ ரத்தம் கொதிக்கும். இரும்புக்கு எப்படித் தெரியும், இன்றைக்கு முகூர்த்த நாள் என்று?

தி.நகரில் ஒரு சந்துக்குள் இருந்த மெக்கானிக்கிடம் பலமுறை கொண்டுபோனோம். கெட்டிக்கார மனிதர். ஃபில்டரை மாற்றினார், டீசல் பம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்தார், குழாய்களில் எங்காவது காற்று புகுந்துவிடுகிறதா என்று ஒவ்வொரு இணைப்பையும் இறுக்கினார். வண்டியைப் பாண்டி பஜார் பக்கம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவார். அப்போது நிற்கவே நிற்காது. கடைசியில் அவருக்கே கோபம் வந்துவிட்டது. "இன்னா சார் இது, என் கைல குட்த்தா ஜம்முனு போய்க்கினு கீது. உங்க கைக்கு வந்தா நின்னுக்கினு கீது. வண்டில ஒண்ணும் இல்ல சார், நீங்க எங்கியாவது போய் சுத்திப் போட்டுக்கினு வா" என்றார். மெக்கானிக்கும் அக்கா கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று அத்திம்பேர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்.

என்னிடம் வாரம் ஒரு சித்தாந்தம் இருந்தது. டாங்க்கின் அடியில் துரு உதிர்ந்து உறிஞ்சுகிற குழாயை அடைக்கிறது என்றேன். டாங்க்கை இறக்கிக் கழுவினார்கள், சுத்தமாக இருந்தது. சூட்டில் பம்ப் மக்கர் பண்ணுகிறது என்றேன், ஈரத்துணி சுற்றிப் பார்த்தோம். எஞ்சினை நிறுத்தும் கம்பி தானாக இழுபடுகிறது என்று நான் சொன்னதைக் கேட்டு அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டினார், எஞ்சினை நிறுத்த ஒவ்வொரு தடவையும் பானெட்டைத் திறக்க வேண்டியிருந்தது. எதற்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. வகுப்பில் நான் கேள்வி கேட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டு வருகிறவள் நான். என் ஒரு வார்த்தையை நம்பி ஒரு மனிதர் தன் காரின் கம்பியைக் கழற்றுகிறார் என்பது எனக்கு என்னவாக இருந்தது என்பதை அப்போது அவரிடம் சொல்லத் தெரியவில்லை. சித்தாந்தம் தோற்றுப்போனால், "சரி, இது இல்லேன்னு தெரிஞ்சுடுத்து. அடுத்தது சொல்லு" என்பார்.

இதற்கிடையில்தான் தேனாம்பேட்டையில் ஒரு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. அவர்களுடைய டைரக்டர் ஒரு பெரியவர், கோபாலபுரத்தில் வீடு. தினமும் ஆபீசுக்கும், அங்கிருந்து அடையாறில் அவர்களுடைய இன்னொரு இடத்துக்கும், பிறகு வீட்டுக்கும் அழைத்துப் போக மாத வாடகைக்கு ஒரு கார் வேண்டும். கிடைத்தால் குடும்பம் நிமிர்ந்துவிடும். முதல் நாளே அண்ணா சாலையில், சிக்னலுக்குப் பத்தடி முன்னால், பெரியவரை வைத்துக்கொண்டு கார் நின்றது. அத்திம்பேர் சட்டைக் கையை மடித்தார். பெரியவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு ஆட்டோவில் ஏறினார். ஏறும்போது, திங்கட்கிழமை இன்னொரு தரம் வாருங்கள், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அது அவருடைய நல்ல குணம்.

அப்பாவுக்கு பம்பாயில் ஒரு ஒன்றுவிட்ட தம்பி இருந்தார். அவர் கம்பெனியில் கணக்கு வேலை ஒன்று காலியாக இருப்பதாகப் பல நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் அத்திம்பேரே மயிலாப்பூருக்கு வந்து அப்பாவிடம் சொன்னார், திங்கட்கிழமை வண்டி நின்றால் அதை விற்றுவிட்டு பம்பாய் போய்விடுகிறோம் என்று. அப்பா சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேப்பரை அடுத்த பக்கத்துக்குத் திருப்பினார். அக்கா கிணற்றடியில் போய் நின்றுகொண்டாள். அவளுக்கு பம்பாய் வேண்டாம். எனக்கும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவியை என் கையில் கொடுத்து, "இன்னிக்கு முழுக்க வண்டி ஒன்னோடது. நான் வெறும் டிரைவர். எங்க போகணும் சொல்லு" என்றார். மயிலாப்பூரிலிருந்து அடையாறு, அடையாறிலிருந்து பெசன்ட் நகர், கடற்கரையோரமாகத் திரும்பி மறுபடி மயிலாப்பூர். நிற்கவில்லை. சாப்பிட்டுவிட்டு மறுபடி தி.நகர் வரை போய்வந்தோம். நிற்கவில்லை. நின்றால் தேவலை என்று ஒரு காருக்காக நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். சாயங்காலம், நாளைக்கு எதற்கும் இருக்கட்டும் என்று பங்கில் நிறுத்தி டாங்க்கை நிரப்பச் சொன்னார். கழுத்து வரை நிரப்பிக்கொண்டு கடைசியாக ஒரு சுற்று என்று கிளம்பினோம். அடையாறெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பும்போது, அடையாற்றுப் பாலத்தின் மேல், இழுவை குறைந்தது. குலுங்கியது. நின்றது. கீழே ஆற்றின் வாடை.

அத்திம்பேர் சட்டைக் கையை மடிக்கத் தொடங்கினார். என் வாயிலிருந்து அடுத்த சித்தாந்தம் வந்துவிட்டது: பங்கில் தண்ணீர் கலந்த டீசல் போட்டிருக்கிறான். காலையிலிருந்து ஓடிய வண்டி, டீசல் போட்டதும் நிற்கிறதே. தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துகொண்டு, டாங்க்கிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். டீசல் மூடி காரின் பின்பக்கத்தில், ஒரு சின்னக் கதவுக்குள் இருக்கும். கதவைத் திறந்து மூடியைத் திருகினேன். யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பது மாதிரி வர மறுத்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருகி இழுத்தேன். உஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். டாங்க் மூச்சை இழுத்துக்கொண்டது. அத்தனை ஹாரனுக்கு நடுவிலும் அத்திம்பேருக்கு அது கேட்டுவிட்டது.

"என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலை. சாவியைத் திருப்புங்கோ."

காத்திருக்கவே இல்லை. திருப்பியதும் கிளம்பிவிட்டது.

தேங்காயின் ஒரு கண்ணில் மட்டும் ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் தண்ணீர் கீழே வராது. இன்னொரு கண்ணையும் குத்த வேண்டும், உள்ளே காற்றுப் போக. டாங்க்கும் அப்படித்தான். டீசல் செலவாகச் செலவாக அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். அதற்காக மூடியின் நடுவில் குண்டூசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசலை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பம்ப் தோற்றுப்போகும். கால் மணி நிறுத்திவைத்தால் மூடியின் ஓரமாகக் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போகும், மறுபடி கிளம்பும். டாங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கிற காற்றே ரொம்ப நேரம் சமாளித்துவிடும். நிரம்பி வழிந்தால்தான் சீக்கிரம் இறுகும். நாங்கள் தினமும் கொஞ்சமாகப் போட்டு ஓட்டினோம். முக்கியமான சவாரி என்றால் மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று நிரப்பினோம். மெக்கானிக் அடிமட்டத்தில் இருந்த டீசலில் பாண்டி பஜார் சுற்றினார். வழியில் நின்றபோதெல்லாம் டாங்க் நிறைய இருக்கிறதே என்று யாரும் மூடியைத் தொடவில்லை. எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக வந்து நின்றன. பாலத்தின் மேலேயே நான் குதித்தேன் என்று அத்திம்பேர் பிற்பாடு என்னிடம் சொல்லுவார். இருக்கலாம்.

பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டு மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். துளை இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக, கச்சிதமாக, காய்ந்து கெட்டிப்பட்ட ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜை அன்று காரை மயிலாப்பூருக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அக்காதான் பானெட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் சக்கரங்களுக்கும் பொட்டு வைத்தாள், கடையில் வாங்கிய சந்தனப் பொடியைக் குழைத்து. இங்கே வைத்தது அவள் இல்லை. மூடியை முகர்ந்து பார்த்தேன். டீசல் நெடியையும் மீறிப் பச்சைக் கற்பூரம் லேசாக மணத்தது. எங்கள் வீட்டில் கல்லில் சந்தனம் இழைத்து அதில் பச்சைக் கற்பூரம் சேர்க்கிறவர் ஒருவர்தான். அன்றைக்கு அப்பா தெருப் பக்கமே வரவில்லை என்று நினைத்திருந்தோம். எல்லோரும் உள்ளே சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோது வந்திருக்க வேண்டும். யார் கண்ணிலும் படாத இடமாகத் தேடி, அந்தச் சின்னக் கதவைத் திறந்து, நட்ட நடுவில் வைத்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உடனே வீட்டுக்குப் போக வேண்டும், அப்பா முன்னால் மூடியை வைக்க வேண்டும், எட்டாம் நம்பர் மாமாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு முழுக் கதையையும் சொல்ல வேண்டும். கண்டுபிடித்தது நான் அல்லவா. அத்திம்பேர் சிரிக்கவில்லை. மூடியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அப்புறம் என் தாவணியில் குத்தியிருந்த ஊக்கைக் கேட்டு வாங்கி, பொட்டைக் கலைக்காமல், துளையை மட்டும் நெருடி நெருடித் திறந்தார். ஊதிப் பார்த்தார். ஊக்கைத் திருப்பித் தந்தபோது, "ஒங்கப்பாகிட்ட சொல்லப்படாது. அக்காகிட்டயும்" என்றார். நான் வாயைத் திறந்தேன். "கண்டுபிடிச்சது நீதான். எனக்குத் தெரியும். அது போறாதா?" என்றார்.

அப்போது போதவில்லை, உண்மையில். இப்போது என் வேலையே எஞ்சின்கள் ஏன் நிற்கின்றன என்று கண்டுபிடிப்பது. சோதனைக் கூடத்தில் கணினித் திரையில் கோடுகள் ஓடும், எந்த நொடியில் எந்த அழுத்தம் விழுந்தது என்று அதுவே சொல்லும். காரணம் கண்டுபிடித்ததும் யாருடைய தவறு என்று ஒரு கூட்டம் கூடும். அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அந்தப் பாலத்து ஓரம் நினைவுக்கு வராமல் இருந்ததில்லை. என் முதல் கண்டுபிடிப்பு அந்த ஒருவரிடம் மட்டுமே பதிவாகி இருந்தது. அதைவிட நல்ல இடத்தில் பிறகு எதுவும் பதிவாகவில்லை.

திங்கட்கிழமை காலை. முந்தின நாள் அக்காவும் அத்திம்பேரும் மயிலாப்பூரிலேயே தங்கிவிட்டார்கள். என்னைக் காலேஜ் பஸ் வரும் இடத்தில் இறக்கிவிட்டு கோபாலபுரம் போவதாக ஏற்பாடு. காரைத் துடைத்து, சாவியைப் போடப் போகும்போது அப்பா வாசலுக்கு வந்தார். குளித்து, பட்டை இட்டு, கையில் சந்தனக் கிண்ணம். தெருவே பார்க்க, செருப்பில்லாமல் இறங்கி நடந்து வந்தார்.

"ஏதோ முக்கியமான நாளாமே" என்றார், எங்கள் யாரையும் பார்க்காமல். பானெட்டுக்கு வைத்தார். ஸ்டியரிங்குக்கு வைத்தார். காரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். "இதுக்குள்ள ஒண்ணு இருக்கே, இதை எப்படித் தொறக்கறது?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பழகிய கை சின்னக் கதவைத் திறந்துவிட்டிருந்தது. நான் அத்திம்பேரைப் பார்த்தேன். அவர் கை கட்டி நின்றுகொண்டு, "நன்னா வையுங்கோ, மாமா" என்றார்.

அப்பா தாராளமாகவே வைத்தார். பழைய பொட்டின் மேல், ஈரச் சந்தனம், நடுவில்.

தெருமுனை திரும்பி, வீடு கண்ணுக்கு மறைந்ததும் கார் நின்றது. இந்த முறை அவரே நிறுத்தினார். பின்னால் கையை நீட்டினார். அவர் கேட்காமலே நான் ஊக்கைக் கழற்றி வைத்திருந்தேன்.

அன்றைக்கு டாங்க் நிரம்பியிருந்தது. கோபாலபுரத்திலிருந்து தேனாம்பேட்டை, அங்கிருந்து அடையாறு, அடையாறிலிருந்து மறுபடி கோபாலபுரம், எங்கேயும் நிற்கவில்லை. பெரியவர் இறங்கும்போது, நாளைக்கும் இதே நேரம் என்று மட்டும் சொன்னாராம். அந்த ‘நாளைக்கு’ பல வருஷம் நீண்டது. பம்பாய்ப் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

சாயங்காலம் அத்திம்பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்ததும் அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். அதுவரை காரைப் பற்றி எதுவானாலும் அக்கா மூலமாகத்தான் கேட்பார். அன்று நேராகவே கேட்டார்.

"வண்டி எப்படிப் போச்சு, மாப்பிள்ளை?"

அத்திம்பேர் காபி டம்ளரை எடுத்து, ஆற்றி, ஒரு வாய் குடித்தார்.

"நீங்க பொட்டு வெச்ச வண்டி, மாமா. எப்படி நிக்கும்?"

நான் அடுக்களைக்குள் ஓடினேன். வாயில் தாவணியை அடைத்துக்கொண்டு மேடையில் சாய்ந்து நின்றேன். அக்கா பின்னாலேயே வந்து, ஏண்டி அழறே, என்ன ஆச்சு என்று என் தோளைத் திருப்பினாள். கூடத்தில் அப்பா மாப்பிள்ளைக்கு இன்னொரு காபி கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தார்.